கொதித்தது எனக் கொள்க

அவரை எனக்குப் பிடிக்காது. ஆள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று என்று கேள்வி. செத்தவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். அப்படிப் பேச இடம் வைக்காமல் அவர் வாழ்ந்திருக்கலாம். பெயரைச் சொல்லவில்லை, என்னால் முடிந்த மரியாதை அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு வருஷம் லேப் வேலைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நான் மேனாம்பேட்டிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். ரத்தம், சிறுநீர், சளி எல்லாவற்றையும் ஒரு அக்கா சொல்லிக்கொடுத்தார். கிருமிகளைப் பற்றிய பாடம் இவருடையது. பாடம் என்று நான்தான் சொல்கிறேன், அவர் சொல்லமாட்டார்.

"பாடம் பொஸ்தகத்துல கீது. பட்ச்சிக்கோங்க. நம்ம வேல கணக்கு போட்றது" என்றார் முதல் நாளே. அன்று தொடங்கி வருஷம் முழுக்கப் பயிற்சி வினாக்கள். கரும்பலகையில் ஒரு வினா, அதன் கீழே விடை, அழித்துவிட்டு அடுத்தது. பேச்செல்லாம் கோவில்பதாகை, அவருடைய ஊர். ஆனால் ஒரே ஒரு சொல்லில் முடியும் வாக்கியங்களை மட்டும் நாக்கை மடித்துச் சுத்தமான பாடநூல் தமிழில் சொல்வார். எனக் கொள்க.

"ஒரு கிருமி இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் இரண்டாகப் பிரிகிறது எனக் கொள்க. காலை எட்டு மணிக்கு ஒரு செம்புப் பாலில் அப்படி ஒன்று விழுந்தது எனக் கொள்க. பதினோரு மணிக்கு எத்தனை?"

நாங்கள் இரண்டு, நாலு, எட்டு என்று பெருக்கிக்கொண்டே போவோம். ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று வந்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏதோ அந்த ஐந்நூற்றுப் பன்னிரண்டையும் அவரே பெற்று வளர்த்தது போல ஒரு பூரிப்பு.

ஒரு நாள் இந்த வினாவில் மெஹருன்னிசா கையைத் தூக்கினாள். எனக்குப் பக்கத்து இருக்கை. பூந்தமல்லிக்காரி. அவள் அத்தா கடைத்தெருவில் தகரப் பெட்டி செய்து விற்கிறவர்.

"சார், பால்ல வுழுந்த ஒடனே பிரிய ஆரம்பிச்சிருமா? புது எடமாச்சே. கொஞ்ச நேரம் சும்மா கெடக்காதா?"

"உடனே பிரிகிறது எனக் கொள்க."

"நெறைய ஆயிட்டா பால் புளிச்சிரும். புளிப்புல அதுங்களே சாவாதா?"

"பால் புளிக்கவில்லை எனக் கொள்க."

"அப்புறம் இன்னாத்துக்கு சார் அவ்ளோ கிருமி? பால்ல இன்னா பண்ணிகினு கீது?"

வகுப்பே சிரித்தது. அவர் டஸ்டரால் மேஜையில் ஓங்கி அடித்தார். சுண்ணாம்புத் தூள் பறந்தது. "கேள்விய வுட்டு வெளிய போவாத" என்றார். பிறகு நான் புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டேன், மெஹரு கேட்டதில் முதல் இரண்டும் நியாயமான கேள்விகள், பதில் உள்ள கேள்விகள். புது இடத்தில் கிருமி கொஞ்ச நேரம் சும்மாதான் கிடக்கும். கடைசியில் தன் கழிவிலேயே சாகவும் சாகும். அது அவருக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. அதைச் சேர்த்தால் கணக்கு சிக்கலாகும். சிக்கலாகும் எதையும் அவர் இல்லை எனக் கொண்டுவிடுவார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்களே, அந்தப் பூனைக்கு வெள்ளைக் கோட்டு மாட்டினால் அவர்தான்.

அந்தக் கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கும். ஒரு வருஷத்தில் அதில் ஒரு சொட்டு சாயம் பட்டு நான் பார்த்ததில்லை. கிருமிகளைக் கண்ணுக்குத் தெரியவைக்க ஊதாச் சாயம் ஊற்றுவோம். அது விரலில் பட்டால் ஒரு வாரம் போகாது, துணியில் பட்டால் துணியோடுதான் போகும். எங்கள் கோட்டெல்லாம் ஹோலி கொண்டாடியது போல இருக்கும். அவருடையது மட்டும் புது மாப்பிள்ளை வேட்டி.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீக்கடை. ஒரே வாளித் தண்ணீரில் எல்லா டம்ளரையும் முக்கி எடுப்பார்கள். அந்த வாளியை வைத்தே அவர் எங்களுக்கு ஒரு வினா போட்டிருக்கிறார். ஒரு காய்ச்சல்காரன் குடித்த டம்ளரை முக்கினால், அடுத்த டம்ளர் வழியாக எத்தனை பேருக்குப் போகும் என்று. வினா முடிந்ததும் நேராக அங்கே போய் அதே வாளி டம்ளரில் டீ குடிப்பார். நான் ஒருமுறை கேட்டேவிட்டேன். "சூடா கீதும்மா. செத்தது எனக் கொள்க" என்று ஊதி ஊதிக் குடித்தார். ஊருக்கு உபதேசம்.

மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தது. நல்ல கருவி. அதைப் பச்சை வெல்வெட் உறை போட்டு மூடி வைத்திருப்பார். ஆயுத பூஜைக்கு உறை கழற்றி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டினார். மறுநாள் உறை மீண்டும் ஏறிவிட்டது. மெஹருதான் ஒரு மதியம் உறையை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, கண்ணாடி மேலயே குங்குமம் அப்பிக் கீது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அரை நாள் உட்கார்ந்து பஞ்சும் ஸ்பிரிட்டுமாகத் துடைத்தாள். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அவள் அதன் முன்னால்தான். பார்த்ததைப் பென்சிலில் வரைவாள். உருண்டை என்றால் உருண்டை, குச்சி என்றால் குச்சி. குச்சி வளைந்திருந்தால் வளைத்தே வரைவாள்.

"கண்ணு பூட்ச்சின்னா அப்புறம் யாரு கட்டிக்குவா? அதான் விடை பொஸ்தகத்துல கீதே" என்பார் அவர், கடந்து போகும்போது.

அவருடைய வித்தை வேறு. வினாவில் 'கொத்தாக' என்று வந்தால் இன்ன கிருமி, 'சங்கிலியாக' என்று வந்தால் இன்னது, 'இளஞ்சிவப்புக் குச்சி' என்றால் இன்னது. "மீதி எதையும் படிக்காதீங்க, கொழம்பிடுவீங்க. ஒரு கேள்விக்கு ஒரு கிருமிதான்" என்பார். நியாயமாகச் சொன்னால், எழுத்துப் பரிட்சைக்கு அது உதவியது. எங்களில் ஒருவர்கூட எழுத்தில் தவறவில்லை. ஏட்டுச் சுரைக்காயை வைத்து ஏட்டுக் கறி நன்றாகவே சமைத்துப் போட்டார்.

வீட்டிலும் இப்படித்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவர் மனைவி ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு இருமலுக்கு மருந்து வாங்க வந்தபோது அது தீர்ந்தது. நல்ல வாயாடி. எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பேசினார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப எங்க நைனா கேட்டாரு, உத்தியோகம் பர்மனெண்டான்னு. பர்மனெண்டு எனக் கொள்கன்னாரு. நாங்களும் கொண்டுகினோம். ஆறு வருசம் டெம்பரவரி. மழைக்கு ஊடு ஒழுவுதுன்னா ஒழுவலன்னு வெச்சிக்கோங்கிறாரு. எனுக்கு ஒரு மாசமா இருமல். சரியாப் பூட்ச்சி எனக் கொள்கங்கிறாரு. இப்ப அவருக்குத் தெரியாமத்தான் வந்துகீறேன்."

சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

மெஹருவுக்கு அந்த வருஷம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். அவள் வீட்டில் பெண்கள் யாரும் வேலைக்குப் போனதில்லை. வாணியம்பாடியில் மாமா மகனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். அவள் அழுது, சாப்பிடாமல் கிடந்து, அத்தாவிடம் ஒரு வருஷம் வாங்கியிருந்தாள். அத்தா வாக்கு மாறாத மனுஷர். "ஒரு வருசம். தேறிட்டியா, நீ வேலைக்குப் போ, மாமனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். தேறலியா, அடுத்த மாசமே நிக்காஹ். அப்புறம் அழுவக் கூடாது" என்று சொல்லியிருந்தார். அவளும் சரி என்றிருந்தாள். ஆகவே எங்களுக்கெல்லாம் அது ஒரு பரிட்சை, அவளுக்கு மட்டும் ஒரே பரிட்சை.

பரிட்சைக்குச் சில நாள் இருக்கும்போது அத்தாவே ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஒரு தகரப் பெட்டி. மெஹரு சொன்ன அளவுக்குச் செய்தது. உள்ளே ஸ்லைடுகளைச் செருகி வைக்க வரிவரியாகத் தடுப்பு, வெளியே நீலப் பெயிண்ட், சின்னதாக ஒரு கொக்கி. வகுப்புக்கென்று கொடுத்தார். எங்களுக்கெல்லாம் அதைப் பார்க்க ஆசையாக இருந்தது.

"சார், புள்ள தேறிருமா? மனசு ஒரு நெலையில இல்ல" என்றார்.

"பாய், இன்னா கேள்வி இது? தேறினாள் எனக் கொள்க."

அவருக்கு அந்தச் செந்தமிழ் பெரிய படிப்பாளியின் வாக்காகப் பட்டிருக்க வேண்டும். கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். பெட்டியில் இவர் மறுநாளே வெற்றிலை பாக்கை வைத்துக்கொண்டார். ஸ்லைடு வைக்கும் தடுப்புகளில் வெற்றிலை நன்றாக நின்றது.

செய்முறைப் பரிட்சை இரண்டு நாள். ஒவ்வொருவருக்கும் ஒரு கிருமி கொடுப்பார்கள். என்ன கிருமி என்று சொல்லமாட்டார்கள். முதல் நாள் அதை ஒரு குழாயில் உள்ள ஊட்டத் திரவத்தில் விட்டு வளர்க்க வேண்டும். மறுநாள் அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்துச் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இன்னது என்று எழுத வேண்டும். இதில் ஒரு நிபந்தனை உண்டு. அந்தத் திரவத்தை முன்கூட்டியே ஆட்டோகிளேவில் வைத்து, அழுத்தமான நீராவியில் வேகவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதில் முன்பே குடியிருக்கிற கிருமியும் சேர்ந்து வளர்ந்துவிடும். மாவு கரைக்கும் பாத்திரத்தைக் கழுவாமல் கரைத்தது போல.

காலைப் பிரிவுக்கான குழாய்களை அந்த அக்கா வேகவைத்தார். நான் காலைப் பிரிவு. பிற்பகல் பிரிவின் குழாய்கள் இவர் பொறுப்பு. பரிட்சைக்கு முந்தின நாள் மாலை நானும் மெஹருவும் கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருந்தோம். எங்கள் கண்ணெதிரேதான் அவர் குழாய்களை ஆட்டோகிளேவுக்குள் இறக்கி, மூடியின் திருகுகளை முடுக்கி, அடியிலிருந்த ஸ்டவ்வைப் பற்ற வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஸ்டவ் புஸ்ஸென்று அணைந்தது. தூக்கி ஆட்டிப் பார்த்தார். எண்ணெய் இல்லை. ஸ்டோர் பின்கட்டில் இருந்தது. ஆவடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாட்சைப் பார்த்தார்.

"சார், நான் ஓடிப்போயி எண்ண வாங்கியாரட்டா?" என்றாள் மெஹரு, கையைத் துடைத்துக்கொண்டே.

"வோணாம்மா. பஸ் பூடும்." மூடியைத் திறந்தார். ஆவிகூட வரவில்லை. குழாய்களை எடுத்து ஸ்டாண்டில் அடுக்கினார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். "கொதித்தது எனக் கொள்க."

மறுநாள் பிற்பகல் மெஹரு அந்த ஸ்டாண்டிலிருந்துதான் ஒரு குழாய் எடுத்தாள். அதற்கு மறுநாள் பட்டணத்திலிருந்து காரில் வந்த பரிட்சை அதிகாரி முன்னிலையில் ஸ்லைடு பார்த்தாள். பிற்பகல் பிரிவில் இருந்த மற்ற அத்தனை பெண்களும் ஒரு கிருமியின் பெயரை எழுதினார்கள். கேள்விக்கு ஒரு கிருமி என்று அல்லவா பயின்றிருந்தோம். மெஹரு மட்டும் எழுதினாள்: சின்ன இளஞ்சிவப்புக் குச்சிகள், அவற்றோடு பெரிய ஊதாக் குச்சிகள் சங்கிலியாக, இரண்டு வகை. கீழே படமும் போட்டிருந்தாள்.

பிற்பாடு அந்த ஸ்லைடை நான் பார்த்தேன். குருடி பார்த்தாலும் இரண்டு வகை.

அதிகாரி வைத்திருந்த விடைக் குறிப்பில் ஒன்றுதான். ஆகவே அவளுக்கு அந்தக் கேள்விக்கு மதிப்பெண் இல்லை. செய்முறையில் அந்தக் கேள்விதான் எல்லாம். வெளியே வந்து அவள் என்னிடம் சொன்னாள். அதிகாரி பக்கத்து அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். கார் வாசலில் நின்றது. மதிப்பெண் தாளில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் எங்கள் சாரைப் பிடித்துக்கொண்டோம்.

"சார், அது அந்தக் கொழா சார். வேவாத கொழா. நீங்க சொன்னா போதும் சார், இன்னொரு தபா வெக்கச் சொல்வாங்க" என்றாள் மெஹரு.

"சரி, வேவல. எண்ண இல்ல, நான் இன்னா பண்றது?"

"அப்ப அவ பாத்தது சரிதானே சார்?" என்றேன் நான்.

அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "பாத்தது சரி. விடைதான் தப்பு. ஒரு கிருமின்னு எத்தினி தபா சொல்லிக் குட்த்தேன்? மத்தவங்கல்லாம் எழுதல? இவுளுக்கு மட்டும் இன்னாத்துக்கு ரெண்டு?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நேராக அதிகாரியின் அறைக்குள் போய், பிற்பகல் குழாய்கள் வேகவில்லை என்று சொன்னேன். மெஹரு வாசலில் நின்றாள். அதிகாரி காபியைக் கீழே வைத்தார். நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். எங்கள் சாரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"குழாய்களை நீராவியில் வைத்து எடுத்தீர்களா? இந்தப் பெண் இல்லை என்கிறாள். சந்தேகம் என்றால் சொல்லுங்கள், நாளைக்கு இன்னொரு முறை வைத்துக்கொள்ளலாம்."

"வெச்சி எட்த்தேன் சார்" என்றார் அவர்.

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வருஷம் முழுக்க எதற்கெடுத்தாலும் எனக் கொள்க என்ற மனுஷர் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அது இல்லாமல் சொன்னார். அதிகாரி கையெழுத்துப் போட்டார். கார் போய்விட்டது.

சோம்பேறி என்று அதுவரை நினைத்திருந்தேன். சோம்பேறியை மன்னிக்கலாம். எது நிஜம், எது கொள்வது என்று அவருக்கு எப்போதும் துல்லியமாகத் தெரிந்திருந்தது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். தன் தோலுக்கு ஆபத்து என்றால் கொள்கையும் இல்லை, கணக்கும் இல்லை.

முடிவு வந்த அன்று மெஹருவின் அத்தா வந்தார். சண்டை போட வரவில்லை. புரியாமல் வந்தார்.

"நீங்கதானே சார் தேறிட்டான்னு சொன்னீங்க. நான் மச்சானுக்குக் கடுதாசிகூடப் போட்டுட்டேன், நிக்காஹ் இல்லன்னு."

"நான் கொள்கன்னுதானே பாய் சொன்னேன்?"

மேஜை மேல் நீலப் பெட்டி திறந்து கிடந்தது. அத்தா அதற்குள் இருந்த வெற்றிலையைப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் வாணியம்பாடியில் நிக்காஹ். வாக்கு வாக்குதான். நான் போயிருந்தேன். மெஹரு மருதாணிக் கையால் என் கையைப் பிடித்து, என் விரலிலிருந்த ஊதாக் கறையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். அவளும் அழவில்லை, சொன்ன சொல்லுக்கு.

சில வருஷம் கழித்து நான் அம்பத்தூரில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தேன். அப்போதெல்லாம் கண்ணாடி சிரிஞ்சுதான். ஒவ்வொரு ஆளுக்கும் கொதிக்க வைத்த சிரிஞ்சு, கொதிக்க வைத்த ஊசி. ஒரு மழைக் காலத்தில் அவர் வந்து உட்கார்ந்தார். விடாத காய்ச்சல், டைபாய்டாக இருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார். இளைத்துப் போயிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

"அட, நம்ம பொண்ணு! எங்க கிளாஸ் பொண்ணு!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார்.

சட்டைக் கையை மடித்துவிட்டேன். ஊசியை எடுத்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"ஊசி கொதிக்க வெச்சியாம்மா?"

"வெச்சேன் சார். இப்பதான் எடுத்தேன்."

"நான் பாக்கலியே. ஒன்னியும் நெனச்சிக்காத. காமாலகீமால ஒட்டிக்கும். என் கண்ணு முன்னாடி இன்னொரு தபா வெய்யி."

வைத்தேன். வேறு யாராவது கேட்டிருந்தாலும் வைத்திருப்பேன். அவர் நாற்காலியை இழுத்துப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். தண்ணீர் சூடாகி, ஓரத்தில் குமிழ் கட்டி, தளதளவென்று கொதிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. கொதித்த பிறகும் வாட்சைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்றார். அவசரமே இல்லை. அன்று அவருக்குப் பிடிக்க எந்தப் பஸ்ஸும் இல்லை போலிருக்கிறது.

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "இதே மாதிரி அன்னிக்கும் ஒரு தபா கொதிக்க வெச்சிருந்தா, இன்னிக்கு மெஹரு இந்த வேலையில இருந்திருப்பா சார்" என்றேன்.

அவர் பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "எந்த மெஹரு?"

நடிக்கவில்லை. நான் அவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டேன். யோசித்தார், நெற்றியைச் சுருக்கினார், ஒன்றும் அகப்படவில்லை. சுத்தமாகத் துடைத்த கரும்பலகை. மடியில் அந்த நீல வெற்றிலைப் பெட்டி இருந்தது. பெயிண்ட் உதிர்ந்திருந்தது, கொக்கி மட்டும் அப்படியே.

சிரிஞ்சை எடுத்து ஊசியைப் பொருத்தினேன். கையை நீட்டச் சொன்னேன். இப்போது தைரியமாக நீட்டினார்.